ஆம்பளைக்கும் ஊசி

தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறையில் பதினாறு வருசமாக மிஷின் மிதிக்கிறவள் கோகிலவாணி. கிளினிக் நர்ஸ் ஷ்யாமளா ஒருநாள் அவளிடம், "படம் போட்ட சார்ட்டை விரிச்சா நம்ம பொம்பளைங்க தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. நீ துணியில ஏதாவது பண்ணித் தாயேன்," என்று கேட்டிருந்தாள்.

கோகிலவாணி மூன்று வாரம் மெனக்கெட்டு ஒரு ஏப்ரன் தைத்தாள். பைக்கு உள்ளே கொடுக்கிற சிவப்பு லைனிங் துணியில் கர்ப்பப்பை. பை ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங் கயிற்றில் இரண்டு பக்கமும் குழாய். கிருமிக்குக் கறுப்புப் பாசிமணி. கீழே இரண்டு பாக்கெட், சிவப்பு பொண்டாட்டிக்கு, நீலம் புருசனுக்கு. இரண்டிலும் மாத்திரை அட்டை. எழுத்து ஒன்றுகூட வைக்கவில்லை. பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் குடியிருக்கிற சால் கட்டடத்தின் பொது அறையில் இருபது பெண்கள் கூடினார்கள். கோகிலவாணி ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதும் சிரிப்பு. அப்புறம் ஒருத்தி எழுந்து வந்து அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"வெள்ளை படுது, நாத்தம் அடிக்குன்னா பொத்தி வைக்காதீங்கட்டி. புருசங்கிட்டயிருந்து வந்த கிருமிக்குப் பொண்டாட்டி மட்டும் மருந்து தின்னா திரும்ப வரும். ரெண்டு பேரும் திங்கணும். அப்படியே விட்டா இந்தக் குழாய் அடைச்சுக்கிடும். பிள்ளை உண்டாகாது," என்றாள் கோகிலவாணி.

பின்வரிசையில் மாலதி இருந்தாள். கோகிலவாணியின் தம்பி சுடலைக்கண்ணன் பொண்டாட்டி. கல்யாணமாகி ஏழு வருசம், பிள்ளை இல்லை.

"மைனி, ஆம்பளைக்கும் ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க," என்றாள் பக்கத்தில் நின்ற ஷ்யாமளா.

"கல்யாணமான மறுவருசம் ஒங்க தம்பி ஊசி போட்டுட்டு வந்தாரு. ஒரு வாரம் மாத்திரை தின்னாரு. காய்ச்சல்னாரு. ஒடம்பு சுடவேயில்ல. ஒண்ணுக்குப் போகையில பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாரு. அதுக்கப்புறந்தான் எனக்கு வலி வந்துச்சு."

கோகிலவாணிக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. சொந்த மகள் வளைகாப்பில் இதே மாலதி சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது, "நீ தள்ளி நில்லு" என்று சொன்னவள் கோகிலவாணியேதான்.

யார் போய்ச் சொன்னார்களோ, சுடலைக்கண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அதைக் கழத்துக்கா! ஊரு முன்னால வயித்தைக் காட்டிக்கிட்டு நிக்கியே, வெக்கம் ஷரம் இல்ல?" பிடித்து இழுத்தான். நீலப் பாக்கெட் கிழிந்து அவன் கையோடு வந்தது.

"அந்த ஊசி எதுக்குப் போட்டல?"

"எந்த ஊசி?" என்றவன் அக்காளைப் பார்க்கவில்லை, மாலதியைப் பார்த்தான். "வீட்டுக்கு வாட்டி, ஒன்ன வச்சுக்கிடுதேன்."

கோகிலவாணி ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"இங்கன பேசுல. நீ மட்டும் போயி சொகமாக்கிட்டு வந்திருக்க. இவள உள்ளுக்குள்ள அழுகவிட்டிருக்க. ஊரே மலடின்னு சொல்லையில ஒன் வாயில என்ன கொழுக்கட்டையால இருந்துச்சு?"

"இவளுக்கும் வரும்னு எனக்குத் தெரியுமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினான்.

மாலதி அன்று வீட்டுக்குப் போகவில்லை. கோகிலவாணி வீட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் ஒன்ன மலடின்னு சொல்லியிருக்கேன்," என்றாள் கோகிலவாணி.

"ஆமா மைனி. ரெண்டு தடவை."

'பரவாயில்லை' என்று மாலதி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோகிலவாணிக்கு இன்னும் எரிந்திருக்கும்.

மறுநாள் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். கிருமி இன்னும் இருக்கிறது, மருந்தில் போய்விடும் என்றார் டாக்டரம்மா. குழாயைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுடலைக்கண்ணன் அக்காள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "தப்புதான். வா, போவோம்."

மாலதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல நீங்க போயி டெஸ்ட் எடுங்க. பெறவு எங்கம்மாவுக்குப் போன் போட்டு, பிள்ளை ஏன் இல்லன்னு நீங்களே ஒங்க வாயால சொல்லுங்க. வாறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம் சொல்லுதேன்."

அவன் அக்காளைப் பார்த்தான்.

"என் மூஞ்சில என்னல இருக்கு? போனைப் போடு," என்றாள் கோகிலவாணி.

அவன் போனை எடுத்தான். பக்கத்து வாசல்களில் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். விரல் நம்பரை அழுத்தவில்லை. மாலதி கதவைச் சாத்தினாள்.