அறுநூற்றுப் பதினோராம் பக்கம்

பாக்கியநாதன் தூங்கி ஒன்பது நாளாகியிருந்தது. பத்தாம் நாள் காலை, அவர் படித்துக்கொண்டிருந்த நாவலிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினார்.

வெளியே தூத்துக்குடி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வந்தவரின் குடையிலிருந்து மழைநீர் சொட்டியது. சபேச வைத்தியர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தபடி இடது காதில் மட்டும் கடுக்கன்.

"உள்ள வாங்க. குடைய மடக்கி வெளியில வச்சிருங்க."

"மழை நின்றால்தான் மடக்கலாம். மழை நிற்பது அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்."

குடையைப் பிடித்தபடியே நாற்காலியில் அமர்ந்தார். சிமெண்டுத் தரையில் தண்ணீர் தேங்கியது. பாக்கியநாதன் துணி எடுத்து வந்து துடைத்தார். திரும்பவும் தேங்கியது. அப்படியே விட்டுவிட்டார்.

பாக்கியநாதன் பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எஸ்தர் இறந்து எட்டு மாதம். அதிலிருந்தே தூக்கம் சரியில்லை. கிளை நூலகத்தில் பிச்சம்மாளிடம் சொன்னபோது, அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து தொள்ளாயிரம் பக்க நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"எங்க அப்பா காலத்துப் புஸ்தகம் அண்ணாச்சி. மூணு பக்கம் தாண்ட மாட்டிய. குறட்டைதான்."

அவர் வாழ்நாளில் நாவல் படித்ததில்லை. முதல் பக்கம் முழுக்க ஒரு ஆற்றைப் பற்றி இருந்தது. நன்றாகக் கொட்டாவி வந்தது. இரண்டாம் பக்கத்தில் நீலாயதாட்சி என்ற பெண் படகிலிருந்து இறங்கினாள். படகுக்காரனிடம் ஒரு பொய் சொன்னாள். அது ஏன் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தெரியவந்தபோது பொழுது விடிந்து பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அவளுக்குக் கல்யாணமானது, வீடு பறிபோனது, இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. பாக்கியநாதன் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படித்தார். அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தில் நீலாயதாட்சி காய்ச்சலில் படுத்தாள். பக்கத்தின் கடைசி வார்த்தை 'மூச்சு' என்பது. அதோடு பக்கம் முடிந்திருந்தது. பெருவிரலை அங்கே வைத்துக்கொண்டு நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறார்.

"நான்கு நாட்களாக அவள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்," என்றார் வைத்தியர். "கை மரத்துவிட்டது. திருப்புங்கள்."

"திருப்புனா செத்துருவாவல்லா?"

"எனக்குத் தெரியாது. நானும் அறுநூற்றுப் பதினொன்று வரைதான் வந்திருக்கிறேன்."

பாக்கியநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, தவணையை நீட்டிக்கப் புத்தகத்தோடு நூலகத்துக்குப் போனார். வைத்தியர் கூடவே வந்தார். மழை அவர் மேல் மட்டும் பெய்தது.

நூலக வாசலுக்கும் பிச்சம்மாளின் மேசைக்கும் ஆறடி தூரம்தான். அன்றைக்கு இடையில் நாற்பது பெஞ்சுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் பழைய காலத்து உடுப்பில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்கள்லாம் யாரு?"

"அறுநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்குப் பொறவு வர்றவங்க," என்றாள் பிச்சம்மாள். "நாலு நாளா இங்கதான் கெடக்காவ. டீ வாங்கிக் கொடுத்து மாளல."

கடைசி பெஞ்சில் வாடிய மாலையோடு ஒரு இளைஞன் இருந்தான். "எழுநூற்று இரண்டில் எனக்குத் திருமணம்," என்றான். குறை சொல்லும் தொனி இல்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. 'இன்னும் பிறக்கவில்லை' என்று அதில் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது.

பிச்சம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். ஒரே ஒரு கட்டம்தான். பக்கத்தைத் திருப்பாததற்குக் காரணம். பாக்கியநாதன் 'பயம்' என்று எழுதினார். அவள் அதை அடித்தாள்.

"எல்லாரும் இதத்தான் எழுதுதாவ அண்ணாச்சி. நெசமான காரணத்த எழுதுங்க."

அவர் பேனாவுக்கு மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அவர் வீடு இரண்டே அறைதான். வாசலிலிருந்து உள்ளறைக்குப் போய்ச்சேர அன்று மத்தியானம் மூன்று மணியாகிவிட்டது. நடக்க நடக்க சிமெண்டுத் தரை மண்தரையானது. ஓட்டின் மேல் மழை கேட்டது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் நீலாயதாட்சி படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாங்கள் உறங்கவில்லையா?" என்று கேட்டாள்.

"அன்னைக்குத் தூங்கிட்டேம்மா," என்றார் பாக்கியநாதன்.

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஆஸ்பத்திரியில. மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து அவ பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்தேன். ஃபேன் காத்துக்குக் கண்ண அசத்திட்டு. நர்ஸ் தோளத் தொட்டு எழுப்புது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. அடுத்த பெட்டுல இருந்த அம்மா சொன்னா. 'ஒங்களக் கூப்ட்டாவ. ரெண்டு தடவ கூப்ட்டாவ. பொறவு, தூங்கட்டும்னு சொன்னாவ.'"

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சென்னையிலிருக்கும் மகளிடம்கூட.

அந்தப் பக்கத்தில் நீலாயதாட்சிக்கு அதிகப் பேச்சு எழுதப்படவில்லை. இருந்ததைச் சிக்கனமாகச் செலவழித்தாள்.

"இப்போது விழித்திருக்கிறீர்களா?"

"இருக்கேன்."

"அப்படியானால் திருப்புங்கள்."

பக்கம் மரக்கதவு போலக் கனத்தது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. ஆசிரியர் அவள் முடிவை நான்கே வரிகளில் எழுதியிருந்தார். பாக்கியநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் வரியில் ஒரு காற்புள்ளி இருந்தது. அங்கே முடிந்த மட்டும் நின்றார். பிறகு நான்காவதையும் படித்தார். ஒரு எழுத்துக்கும் கண்ணை மூடவில்லை.

மழை நின்றது. வைத்தியர் குடையை மடக்கினார்.

பாடையைத் தூக்க மூன்று பேர் வந்தார்கள். நான்காவது ஆளை ஆசிரியர் எழுத மறந்திருந்தார். மூவரும் சங்கடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியநாதன் துண்டை மடித்துத் தோளில் போட்டு நான்காவது முனைக்கு வந்து நின்றார்.

தெருவுக்கு வந்ததும் எதிர்வீட்டு அய்யாத்துரை வெல்டிங்கை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"யாரு அண்ணாச்சி?"

"நம்ம வீட்டு ஆளுதான்."

அய்யாத்துரை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடவே நடந்தார். உப்பளத்துச் சாலை திரும்பும்போது பாக்கியநாதனின் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. கொஞ்ச தூரம் நான் தோள் கொடுக்கட்டா?"

"வேண்டாம்ப்பா," என்றார் பாக்கியநாதன். "முழிச்சுதான் இருக்கேன்."