செகரட்டரி வண்டியின் கொளகொள

ஜீவானந்தத்தின் கார் அதற்கு முன்னும் பல சத்தங்கள் போட்டதுண்டு. எண்பத்தாறாம் வருஷத்து வண்டி, சும்மா இருக்குமா? ஆனால் இந்தச் சத்தம் புதுசு. வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததும், பானெட்டுக்குள்ளிருந்து கொளகொள கொளக் என்று கிளம்பும். கொஞ்ச நேரம் கொப்பளித்துவிட்டு, பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு அடங்கும்.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது 2004 கோடை. செம்பாக்கம் ஏரியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் எப்போது வரும் என்பது கடவுளுக்கே தெரியாது. ஆனால் வருவதற்கு முன்னால் குழாயில் அடைத்திருக்கும் காற்று வெளியே வரும். அந்தச் சத்தமும் இதே கொளகொள கொளக்தான்.

ஆக, ஜீவானந்தம் காய்கறி வாங்கிவிட்டு வந்து வண்டியை நிறுத்தும்போதெல்லாம், தெருவே பிளாஸ்டிக் குடங்களோடு வாசலுக்கு ஓடி வந்தது. முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் முறைத்தார்கள். அதற்கப்புறம் பூவம்மாள் வாயைத் திறந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். சந்தை இரைச்சலுக்குப் பழகிய குரல் அவளுடையது, தெருவுக்கு அது கொஞ்சம் அதிகம்.

"அடுப்புல கொழம்ப வுட்டுட்டு ஓடியாறேன். உன் வண்டி ஏப்பம் வுடறதுக்கு நான் கொடத்த தூக்கிகினு வரணுமா செகரட்டரி?"

ஆமாம், ஜீவானந்தம் அந்தத் தெரு நலச்சங்கத்தின் செகரட்டரி. அரசாங்க ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு மிச்சமிருந்த ஒரே பதவி. தெருமுனைப் பலகையில் அவர் பெயர் இருந்தது. சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் அவர் மேஜையில் இருந்தது. அது போய்விட்டால் அவர் கறிவேப்பிலை வாங்க அனுப்பப்படுகிற ஒரு கிழவர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தேர்தல். எதிர்த்து நிற்பவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற சாம்பசிவன். அவருடைய பிரசாரம் மொத்தமும் ஒரே வரி: இந்தத் தெருவில் தண்ணீர்ச் சத்தம் செகரட்டரி காரில் மட்டும்தான் கேட்கிறது.

எப்படியாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியின் வாயை அடைத்தாக வேண்டும். கார் வாங்கிய நாளிலிருந்தே ஜீவானந்தம் தன்னை ஒரு இன்ஜினியராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஜோதிலட்சுமியின் சப்பாத்திக் கட்டையை எடுத்து, ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையைக் காதிலும் வைத்து மணிக்கணக்கில் கேட்டார். முதலில் வாட்டர் பம்ப் என்றார். பிறகு தெர்மோஸ்டாட் என்றார். கடைசியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினார். கிரீஸ் படிந்த கட்டையை ஜோதிலட்சுமி குப்பையில் போட்டாள்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. வண்டி தெற்குப் பார்த்து நிற்பதால்தான் என்றார் ஒருவர். போர் தண்ணீரின் உப்பு என்றார் இன்னொருவர். குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு பூஜை போட்டால் சரியாகிவிடும் என்றார் மூன்றாமவர். ஜீவானந்தம் எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் செய்தார். மலையிலிருந்து இறங்கி வந்து நிறுத்தியதும் வண்டி முன்னைவிட பக்தியோடு கொப்பளித்தது.

அப்புறம்தான் முடிச்சூர் சாலையில் ஷெட் வைத்திருந்த ஜலாலிடம் போனார். ஜலாலுக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை. வண்டியைத் தொடாமலே பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி பேசுவான். முதல் வேலையாக தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிந்தான். அது குளிர் தேசத்துக்காரன் வைத்தது, தாம்பரத்து வெயிலில் அதற்கு என்ன வேலை என்று கேட்டான். சத்தம் குறையவில்லை. பெல்ட்டை மாற்றினான், கூடியது. மேல் ஹோஸைப் பார் என்று ஜீவானந்தம் சொன்னபோது மட்டும் அவனுக்குக் காது கேட்கவில்லை. சனிக்கிழமை வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

"நாளைக்குக் காலைல நானே ஓட்டியாந்து உன் வூட்டு வாசல்ல வுட்டுடறேன் சார். அப்புறமும் சத்தம் கேட்டுச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்."

ஜீவானந்தம் பஸ்ஸில் வீடு திரும்பினார். சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் மேல் ஹோஸைத் தொடாமலே நின்றுவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் காலி மனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். விளக்குக் கம்பத்தில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டி, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஜனநாயகம் கேட்கும்படி செய்திருந்தார்கள். ஜோதிலட்சுமி வரவில்லை. அவர் ஜெயித்தாலும் தோற்றாலும் குடம் தூக்கப்போவது தான்தான் என்று சொல்லிவிட்டாள்.

சாம்பசிவன் மைக்கைப் பிடித்து தண்ணீர் விஷயத்துக்கு வந்த நேரத்தில்தான் கேட்டது. தெருப்பக்கமிருந்து கொளகொள கொளக்.

பெண்கள் எழுந்துவிட்டார்கள். பூவம்மாள் நாற்காலிக்கு அடியிலிருந்து குடத்தை எடுத்தாள். கூட்டம் கலைந்தால் தேர்தல் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் சாம்பசிவன் இன்னும் ஒரு வாரம் பேசுவார். ஜீவானந்தம் பாய்ந்துபோய் மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் உக்காருங்க. அது என் வண்டி. மெக்கானிக் கொண்டுவந்து விட்டிருக்கான். குழாய்ச் சத்தம் கடைசியில புஸ்ஸுன்னு முடியும். ரேடியேட்டர் சத்தம் கொளக்குன்னு முடியும். நீங்களே கேளுங்க. கொளக்."

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆமாம், கொளக்தான். இத்தனை நாள் ஏமாந்த தெரு, இந்தத் தடவை ஏமாறவில்லை என்ற பெருமிதத்தோடு உட்கார்ந்தது. சத்தம் நீண்டுகொண்டே போனபோது, அது மேல் ஹோஸின் கோளாறு என்று அதையும் விளக்கினார். மெக்கானிக்கிடம் தலைபாடாக அடித்துக்கொண்டும் அவன் கேட்கவில்லை என்றார். விஷயம் தெரிந்த மனுஷன் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஜீவானந்தம் வாழ்நாளில் அப்படி ஒரு மரியாதையை ருசித்ததில்லை. கை தூக்கச் சொன்னபோது சாம்பசிவனின் மைத்துனர்கூட அவருக்குத்தான் தூக்கினார்.

அவரை மாலையும் கழுத்துமாக ஊர்வலம் போல் தெருவுக்குள் அழைத்து வந்தார்கள். முதல் வீட்டுக் குழி ஈரமாக இருந்தது. அடுத்ததும் ஈரமாக இருந்தது. மூன்றாவது குழியில் குழாய் கடைசிச் சொட்டைச் சொட்டிக்கொண்டிருந்தது. செகரட்டரி வீட்டு வாசலுக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள்.

அங்கே கார் இல்லை. கேட்டிலிருந்து படிவரை குடம் குடமாகத் தண்ணீர் நின்றது. அண்டா, வாளி, குக்கர், பேரனின் குளியல் தொட்டி என்று ஒரு பாத்திரம் பாக்கியில்லாமல் தளும்பியது. நடுவில் நனைந்த புடவையோடு ஜோதிலட்சுமி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எட்டிப் பார்த்தேன், வாசல்ல வண்டி இல்ல. அப்ப குழாய்தானேன்னு இறங்கிட்டேன்" என்றாள். "எல்லாரையும் கூப்பிடலாம்னு வந்தா, நீங்க ஸ்பீக்கர்ல அது என் வண்டின்னு சொல்லிட்டிருக்கீங்க. உங்க பேச்சைத்தானே எல்லாரும் கேட்டாங்க."

பூவம்மாள் குடங்களைப் பார்த்தாள். பிறகு மாலையைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் எங்கள குந்த வெச்சியா?"

தான் திருடன் இல்லை, வெறும் முட்டாள்தான் என்று நிரூபித்தால் ஜீவானந்தம் தப்பிக்கலாம். ஆனால் கழுத்தில் மாலையோடு அதை எப்படிச் சொல்வது?

அப்போதுதான் தெருமுனையில் அவர் கார் திரும்பியது. ஜலால் கூட்டத்தின் நடுவே ஒய்யாரமாக ஓட்டி வந்து நிறுத்தினான். மாலையைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். ரேடியேட்டர் மூடியில் ரப்பர் செத்துப் போயிருந்ததாம், புது மூடி போட்டானாம். எல்லோரையும் கையமர்த்திவிட்டு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. வண்டி வாயே திறக்கவில்லை.

"இன்னா சார், எதனா சத்தம் கீதா?" என்று கேட்டுவிட்டு, சுற்றி நின்ற குடங்களைப் பார்த்தான். "ஒரு சொம்பு தண்ணி குடு சார். சூடு ஆறினதும் ரேடியேட்டர்ல கொஞ்சம் ஊத்தணும்."

ஜோதிலட்சுமி சொம்பை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் பூவம்மாள் தன் காலிக் குடத்தை ஜீவானந்தத்தின் காலடியில் நங்கென்று வைத்தாள்.

ஜீவானந்தம் மாலையைக் கழற்றி பானெட் மேல் போட்டார். ஒரு குடத்தைத் தூக்கி அவள் குடத்தில் ஊற்றினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது, நிமிர்ந்து பார்த்தார். அவள் பின்னால் வரிசை பிள்ளையார் கோயில் வரை போயிருந்தது. அதன் கடைசியில் சாம்பசிவனும் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.