ஊதாத் துணி போர்த்திய இளவரசி

எங்கள் ஊர் ஓபராவில் இளவரசி கண்ணாடி மலைமேல் நூறு வருடம் தூங்குகிறாள். காதலன் வந்து உதட்டில் முத்தமிட்டால்தான் எழுவாள். அதுவரை ஆறு நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். இதை எழுதியவன் நிச்சயமாக ஆண்தான்.

காதலனாகப் பாடும் குவால்தியேரோவுக்கு அறுபது வயது. ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் வாய்க்குள் நாக்கை விட்டான். பூண்டும் சாராயமும் ஊறிய நாக்கு. இளவரசியாகப் பாடும் லுதோவிகாவுக்கு இதுதான் முதல் பெரிய வேடம். காட்சி முடிந்ததும் ஓடிவந்து வாளியில் துப்புவாள். உதவி இயக்குநரான நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னொரு தடவ இப்படின்னா நான் பாட மாட்டேன்டி. ஊருக்கே போயிடுறேன்."

இயக்குநரிடம் போனேன்.

"மேஸ்ட்ரோ, அவ பதினோரு தடவ வேணாம்னு சொல்லிட்டா."

"அவரு பெரிய பாடகர்மா. பொறுத்துக்கச் சொல்லு. உங்கப்பன் உப்புக்கண்டம் போடப் பன்னித் தொடைக்கு உப்புத் தேய்க்கிறவன்தானே? படிச்சதும் உனக்கு அருவருப்பு வந்துருச்சாக்கும்?"

என் அப்பா செத்த பன்றியைத்தான் தொட்டார். உயிரோடிருந்த எதையும் அது வேண்டாம் என்றபோது தொடவில்லை.

நேரே மாதா கோயிலுக்குப் போனேன். தவக்காலத்தில் சிலைகளை மூடும் ஊதாத் துணியைக் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் மேடைகளில் ஊதா ஏறக்கூடாது. ஏறினால் பாடகனின் குரல் போய்விடும் என்பார்கள். கடைசி ஒத்திகையில் லுதோவிகா அதைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தாள்.

பாடிக்கொண்டே வந்த குவால்தியேரோ துணியைப் பார்த்ததும் பாதி வரியில் நின்றான். ஒரு கையால் கால்சட்டையின் நடுவைப் பிடித்தான். கெட்டதை விரட்ட எங்கள் ஆண்கள் செய்வது இதுதான். வாத்தியக்காரர்களில் பாதிப்பேரும் அதே இடத்தைப் பிடித்திருந்தார்கள்.

"ஊதா! எவ வச்சது இத? எடுங்க, எடுங்க!"

"நான்தான்" என்றேன்.

"தூக்கிப் போடுடி அத!" மேஸ்ட்ரோ லுதோவிகாவைப் பார்த்துக் கத்தினார்.

அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "முத்தம் கையிலதான்னு எழுதிக் குடுங்க. எடுக்கிறேன்."

"கையே போதும்! விரல் நுனி போதும், மேஸ்ட்ரோ, எழுதிக் குடுத்துத் தொலைங்க!" குவால்தியேரோ அலறினான்.

மேஸ்ட்ரோ என் நோட்டைப் பிடுங்கி ஒரே நிமிடத்தில் எழுதினார். பிறகு என்னிடம், "அடுத்த நாடகத்துக்கு நீ வர வேணாம்" என்றார்.

ஒரு பெண் பதினோரு முறை சொன்னது எவன் காதிலும் ஏறவில்லை. மூன்று முழத் துணிக்கு முப்பது ஆண்கள் வெலவெலத்தார்கள். என்ன ஜென்மங்கள்.

முதல் நாள் காட்சியில் குவால்தியேரோ மண்டியிட்டு அவள் விரல் நுனியில் முத்தமிட்டான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. "என்ன கண்ணியம்!" என்று முன்வரிசையில் ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான்.

பக்கத்தில் சிரித்தபடி குனிந்த லுதோவிகா, திரையோரம் நின்ற என்னிடம் உதடு அசையாமல் கேட்டாள்:

"சோப்பு இருக்காடி?"