கெவே மன்னர் வெட்டாமல் விட்ட திசை

கெவே மன்னரின் ஆட்சியில் முப்பத்தொரு வருஷம் ஹங்கேரிக்குக் கிழக்கு கிடையாது. ஃபெஹேர்வாரில் முடிசூடுகிறவர் கிரீடத்தோடு குதிரையில் மண்மேடு ஏறி, நாலு திசையிலும் வாளை வீசி, காப்பேன் என்று காட்ட வேண்டும். மேற்கு, வடக்கு, தெற்கு ஆனதும், கடிவாளம் பிடித்திருந்த டெர்ஷ் குதிரையை இறக்கிவிட்டான். கிழக்கே திசா ஆற்றுக்கு அக்கரையில் அவன் மனைவி பிரோஷ்கா நிறைமாதமாக இருந்தாள். போகிற அவசரத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

மறுநாள் சூரியன் தெற்கிலிருந்து வந்தது. கோழிகள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டன, பாதிரியார்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கிழக்கே நடந்தவன் கொஞ்ச நேரத்தில் வடக்கே போய்க்கொண்டிருந்தான். டெர்ஷ் பதினெட்டு ஜோடி செருப்பு தேய நடந்தும் திசா வரவில்லை.

இன்னொரு தரம் மேடேறி நாலாவது வீச்சையும் வீசச் சொல்லி மன்னரின் காலில் விழுந்தான். அவருக்கும் மனசுதான், பிரபுக்கள் விடவில்லை. எதிரி எப்போதும் கிழக்கிலிருந்துதான் வருவான். கிழக்கு இல்லாவிட்டால் அவனும் இல்லை. கிரீடம் உயிருள்ள தலையில் ஒருமுறைதான் ஏறும் என்று பேராயரும் சொல்லிவிட்டார். கெவே மூன்று போர் செய்தார், இரண்டு மனைவியரைப் புதைத்தார், பல்லெல்லாம் விழுந்து படுக்கையில் சாய்ந்தபோது டெர்ஷைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, அவசரம்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வெரசா வீசியிருப்பேனே."

"முடிசூட்டுற நேரத்துல எம் பொண்டாட்டி கதையா, மகாராஜா?"

"சரி விடு. செத்த ராஜாவுக்கு ஒரு பகல் கிரீடம் உண்டு. குதிரைய நீயே பிடி. இந்தத் தடவயாவது ஒழுங்கா எண்ணு."

செத்தார். கிரீடம் வைத்து, வாளைக் கையில் கட்டி, உடலைக் குதிரைமேல் இருத்தி ஊர்வலம் விட்டார்கள். மேட்டருகே டெர்ஷ் கடிவாளத்தைத் திருப்பினான்.

"எங்கடா போற, கிழட்டுக் கழுத!" என்று ஒரு பிரபு கத்தினார்.

டெர்ஷ் உச்சியில் நின்று, மீதமிருந்த பக்கம் பார்த்து, "நாலு" என்றான். மன்னரின் கை எழுந்து, ஒருமுறை வீசி, இறங்கியது. சட்டத்தில் இதற்குத் தடையில்லை என்றார் பேராயர். அடக்கம் தொடர்ந்தது.

நாலாம் நாள் திசா வந்தது. வாசலில் பிரோஷ்கா கைக்குழந்தையோடு நின்றாள்.

"ஒரு வாரம்னு போனீங்க. பதினஞ்சு நாளாச்சு." அவன் தாடியைப் பார்த்தாள். "வழியில மாவு மூட்டையில விழுந்தீங்களா?"

"எண்ணிக்கை தப்பிருச்சு."

"எப்பவும்போல," என்று நனைந்த துணிகளை அவன் கையில் கொடுத்தாள். உதறிக் கொடியில் போட்டான். வெயில் சரியான பக்கத்திலிருந்து அடித்தது, சீக்கிரம் காய்ந்தன.