வவுணதீவுக்குப் பதினொரு மணித்தியாலம்

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆனி மாதத்தில் மட்டக்களப்புப் பட்டினத்துக்கும் வாவியின் மேற்குக் கரையிலுள்ள வவுணதீவுக்கும் இடையிலான தூரம், கொழும்பிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் தூரமாகிவிட்டது. சண்டைக்காகப் பாலத்தை மூடிய கிழமையே வாவி அகலத் தொடங்கியிருந்தது. முதலில் எதிர்க்கரைத் தென்னைகள் மறைந்தன, பிறகு கரையே மறைந்தது. விடியலில் பட்டினத்தில் கிளம்பிய கொக்குகள் பொழுதுபடும் நேரத்தில்தான் வவுணதீவு வயல் வட்டையில் இறங்கின. இறங்கியதும் மீனைத் திரும்பியும் பாராமல் வரப்பிலேயே தூங்கிப்போயின. அந்த மாதம் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

கனகசிங்கம் பட்டினத்து அரிசி ஆலையில் வேலை செய்தவர். தினமும் சைக்கிளில் வந்து போகிறவர், பாலம் மூடிய அன்று காலை வந்தார், மாலையில் திரும்ப முடியவில்லை. வவுணதீவில் அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. தாய் வீடு பட்டினத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் இருக்க வேண்டும். தாய் வீட்டில் படுத்தால் குடும்பம் பிரிந்துவிட்டதென்று ஊர் பேசும். அதனால் தோணிக்காரர் சாமித்தம்பியின் தோணியில் படுத்தார். தாய் தினமும் சோறு கொண்டுவந்து கரையில் நின்று திட்டிவிட்டுப் போனாள்.

லண்டனிலிருந்து சீதேவிப்பிள்ளையின் தம்பி தங்கராசா ஆலைக்கு டெலிபோன் எடுத்தான். “அத்தான், நான் பதினொரு மணித்தியாலத்தில இஞ்ச வந்து சேந்திட்டன். உங்களால ஒரு வாவியத் தாண்ட ஏலாதா?”

“அதே தூரந்தான் மச்சான். உனக்குப் பிளேன் இருந்திச்சி. எனக்குச் சாமித்தம்பிட தோணிதான் இரிக்கி.”

இரண்டு தடவை முயன்றும் பார்த்தார். நடு வாவியில் திசை தெரியாமல் சுற்றி, இருட்டுவதற்குள் புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்தார்.

ஆவணியில் ஒரு விடியற்காலை சீதேவிப்பிள்ளைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறந்தால் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிடுவது அந்த ஊர் வழக்கம். சண்டை தொடங்கிய பிறகு யாரும் இடுவதில்லை.

“குரவை போடுங்க மாமி” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“சத்தம் கேட்டாச் சுடுவானுகள் புள்ள” என்றாள் பிள்ளைப்பேற்றுக்குத் துணையிருந்த சின்னத்தங்கம் மாமி.

“அவரு கேட்டா வருவாரு.”

மாமி பயந்துகொண்டேதான் தொடங்கினாள். பட்டினத்துக் கரையில் கனகசிங்கம் எழுந்து உட்கார்ந்தார், உடனே தோணியை அவிழ்த்தார். குரவை வந்த திசையில் தோணி நேராகப் போனது. மாமிக்கு மூச்சு முட்டிச் சத்தம் நின்றபோது தோணியும் நின்றது. பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டதும் மறுபடி நகர்ந்தது. அப்படியே வவுணதீவுப் பெண்கள் முறை வைத்துப் பகல் முழுவதும் குரவையிட்டார்கள். அடுப்பு எரியவில்லை, அதற்காக ஆண்கள் யாரும் கோபிக்கவில்லை. இரு கரைச் சென்றிகளிலும் துவக்கோடு காவல் நின்றவர்களுக்கும் அம்மாமார் இருந்திருப்பார்கள்; ஒருவரும் சுடவில்லை. தோணி கரை சேர விமானத்துக்கு ஆகும் அதே நேரம் ஆனது. மாமிக்குப் போன குரல் தைப்பொங்கலுக்குத்தான் திரும்பியது.

கனகசிங்கம் தலையில் உமித்தூசியோடு வாசலில் நின்று அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

“காலக் கழுவித்து வாங்க” என்றாள் சீதேவிப்பிள்ளை. “புள்ள முழிச்சித்து இரிக்கி.”

வாவி பிறகும் சுருங்கவில்லை. தோணிக்கு வருகிறவர்களிடம் சாமித்தம்பி, அக்கரையில் குரவையிட ஆள் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஏற்றினார். இல்லையென்றவர்களுக்காகச் சின்னத்தங்கம் மாமி தைக்குப் பிறகு தினமும் விடியலில் கரைக்கு வந்து உட்கார்ந்தாள்.