வயாலாக்காரியின் படங்கள்

பாடகி டெல்லா ஹார்ட்விக்குக்காக மெரின் டல்லி சொந்தமாக ஓர் இணையத்தளம் நடத்திவந்தாள். பர்னி என்ற சிற்றூரில் மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் கணினிமுன் உட்கார்ந்துவிடுவாள். இணையம் தொலைபேசிக் கம்பியில் வந்த காலம் அது; அவள் எழும்வரை அந்த வீட்டில் தொலைபேசி அடிக்காது. தளத்திலிருந்த படம் ஒவ்வொன்றும் அவள் கையால் ஆனது. பத்திரிகைப் படத்தைச் சுட்டுப் போடுவது ரசிகர்களுக்குள் கேவலம். அவள் டெல்லா பாடுகிற டாம்வொர்த் இசைவிழாவரை போய், கூட்டத்தில் இடிபட்டு, தானே புகைப்படம் எடுத்துவருவாள். பின்னணியை வெட்டி, வண்ணம் கூட்டி, மேலே பாட்டுவரி எழுதி ஒரு படத்தை முடிக்க ஒரு வார மாலைகள் போய்விடும்.

ரசிகர் அரட்டைப் பக்கத்தில் அவள் படங்களுக்கு ஈடு கிடையாது என்ற பேச்சு இருந்தது. வயாலா என்ற ஊரிலிருந்து ஜாஸ்லின் பைக் என்ற ஒருத்தி தளம் தொடங்கும்வரை இருந்தது.

ஜாஸ்லினின் படங்களில் டெல்லாவின் கூந்தல் எங்கே முடிகிறது, வாட்டில் மரத்தின் மஞ்சள் பூ எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஊரே அங்கே போய் நின்றது. மெரினும் போனாள், தினமும்.

"மறுபடி அந்த வயாலாக்காரி வீட்டுக்குள்ளயா எட்டிப் பாக்குற?" என்றான் கணவன் லையல்.

"இதுல என்ன இருக்குன்னு ஜனங்க இப்படித் தலைகீழா நிக்குதுங்க? நீயே பாரு."

லையல் பார்த்தான். பார்த்ததுதான் தப்பு. "நல்லாத்தானே இருக்கு மெர்."

"போ, போய் டோஸ்ட்டைப் பாரு. கருகுது."

"டோஸ்ட்டா கருகுது?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அந்த வாரமே அவள் தன் தளத்தில் ஒரு விதி எழுதினாள். மற்றவர்கள் எல்லோரும், ‘படம் வேண்டுமானால் நகல் எடுத்து உங்கள் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் எழுதுவார்கள். மெரின், ‘என் படத்தை யாரும் நகல் எடுக்கக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டாள். யாரை நினைத்துப் போட்டாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை, தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. தளத்திலிருந்து மாதத்துக்கு இவ்வளவு தரவுதான் போகலாம் என்று அவர்கள் வைத்த அளவு நெருங்கிவிட்டது. தாண்டினால் மாதக் கடைசிவரை தளம் மூடிக்கிடக்கும். யார் இவ்வளவு இழுக்கிறார்கள் என்று மெரின் தேடிப் பார்த்தாள். ஜாஸ்லின்! மெரினின் டாம்வொர்த் படத்தைத் தன் பக்கத்தில் காட்டுகிறாள். அங்கே வருகிறவர்கள் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படம் மெரினின் கணக்கிலிருந்து போகிறது.

மெரினுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. "லையல், அவ திருடி! நான்தான் சொன்னேனே!" என்று கூவினாள். தினமும் அங்கே போனாலும், ஜாஸ்லினின் படங்களைத் தவிர மற்றப் பக்கங்களை அவள் திறந்ததில்லை. அந்தப் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்த்திருக்கலாம். பிடிக்காதவர்மேல் குற்றம் கிடைத்துவிட்டால் யார்தான் சரிபார்க்கிறார்கள்?

இப்படி இழுப்பவர்களுக்கு ரசிகர்களிடையே ஒரு தண்டனை உண்டு. அதே பெயரில் வேறு படத்தைத் தன் இடத்தில் வைத்துவிட்டால், இழுத்தவர் பக்கத்தில் அதுதான் தெரியும். மெரின் மதியம் முழுக்க உட்கார்ந்து, ‘இந்தப் பக்கத்துக்காரி ஒரு திருடி’ என்று சிவப்பில் எழுதி, ஓரங்களை இழைத்து, நிழல்கூடக் கொடுத்தாள். அவள் அதுவரை செய்ததிலேயே சுத்தமான வேலை அது. பழைய படத்தை எடுத்துவிட்டு அதை வைத்தாள். பிறகு, ரசிப்பதற்காக ஜாஸ்லினின் பக்கத்தைத் திறந்தாள்.

அங்கே இப்படி எழுதியிருந்தது: ‘இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் படம் செய்யக் கற்றுக்கொண்டேன். நகல் எடுக்க வேண்டாம் என்று மெரின் கேட்டுக்கொண்டிருப்பதால், எடுக்காமல் அவர் இடத்தில் இருந்தபடியே காட்டுகிறேன். என் படங்கள் பிடித்திருந்தால் அவரிடம் போய்ப் பாருங்கள்.’

அதற்குக் கீழே சிவப்பு எழுத்து.

லையல் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "நீ சொன்னதைத்தான் மெர் அவ செஞ்சிருக்கா. இதுக்கெல்லாம் புதுசு, இப்படிக் காட்டினா உன் கணக்குல ஏறும்னு அவளுக்குத் தெரியல."

மெரின் அவசரமாகப் பழைய படத்தைத் திரும்ப வைத்தாள். அதற்குள் ஜாஸ்லினிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. ‘மெரின், உங்க தளத்துக்குள்ள யாரோ புகுந்து படத்தை மாத்தியிருக்காங்க. உங்க பேரு கெட்டுடக்கூடாதுன்னு என் பக்கத்துல அதை உடனே எடுத்துட்டேன். கடவுச்சொல்லை மாத்திடுங்க.’

"அவளே வழி காட்டுறா. ‘ஆமா, எவனோ போக்கிரி’ன்னு எழுதிட்டு விடேன்," என்றான் லையல்.

மறுநாள் தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து பாடினார்கள். மெரினுக்கு வாய் திறக்கவில்லை. தன்னைத் திருடி என்றவளின் பெயரைக் காப்பாற்ற ஒருத்தி ஓடியிருக்கிறாள். அவளிடம் பொய் சொல்லிவிட்டுக் கடவுளிடம் என்ன பாடுவது? வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் எழுதினாள். ‘யாரும் உள்ள புகலை. நான்தான் செஞ்சேன். உங்க படம் என்னுதைவிட நல்லா இருக்கு. அதை என்னால தாங்க முடியலை. மன்னிச்சிடுங்க.’ இரண்டாவது வரியைவிட மூன்றாவது வரியை எழுதத்தான் கஷ்டமாக இருந்தது.

பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. ‘படிச்சு அழுதேன். கோபமும் வந்தது, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு. நீங்க டெல்லாவை இத்தனை கிட்டத்துல பார்த்திருக்கீங்களேன்னு எனக்கும் வயிறு எரிஞ்சிருக்கு. நான் ஒரு கச்சேரிக்கும் போனதில்ல. அம்மாவைத் தனியா விட்டுட்டு வரமுடியாது. பெரியம்மா பையன் தூரத்துலேருந்து எடுத்த ஒரே போட்டோவை வெச்சுத்தான் மாத்தி மாத்திச் செய்யறேன்.’

மெரின் ஜாஸ்லினின் படங்களை மறுபடி வரிசையாகப் பார்த்தாள். ஆமாம், எல்லாவற்றிலும் ஒரே முகச்சாய்வு. பூவும் வானமும்தான் மாறியிருந்தன. ஒரே ஒரு மங்கலான போட்டோவிலிருந்து இத்தனையா? அனுதாபத்தோடு பொறாமையும் சேர்ந்தே வந்தது. அதை ஒளித்து என்ன பயன்?

அவள் பெட்டியிலிருந்த புகைப்படங்களை எடுத்தாள். முதலில் ஆடிப்போன, இருட்டடித்த படங்களாகத்தான் பொறுக்கினாள். லையல் அவற்றைப் பார்த்தான். ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான்.

"சரி, சரி. பாக்காதே அப்படி," என்று அவற்றைத் திரும்பப் போட்டுவிட்டு, டெல்லா கண்ணை மூடிச் சிரிக்கிற ஒன்றை எடுத்தாள். அடுத்த படத்துக்கென்று யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. அதைக் கணினியில் வருடி ஏற்றி, ‘இது உங்களுக்கு, என்ன வேணா செஞ்சுக்குங்க’ என்று அனுப்பினாள்.

பத்து நாளில் ஜாஸ்லினின் புதுப் படம் வந்தது. அந்தச் சிரிப்பைச் சுற்றி அவள் மழை பெய்ய வைத்திருந்தாள். கீழே சின்ன எழுத்தில், ‘புகைப்படம்: மெரின் டல்லி’. மெரினுக்குத் தோன்றியே இருக்காத மழை.

வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கிற அரட்டைப் பக்கத்தில், ‘ரொம்ப அழகு’ என்று முதல் ஆளாக எழுதினாள்.