மூடியைத் திறக்காத தாங்கி

எங்கள் கோயிலில் மூலஸ்தானத் திரை விலகுவதில்லை. பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போவார். உள்ளே இருப்பதை வேறு எவரும் கண்டதில்லை, காட்டச் சொல்லிக் கேட்டதுமில்லை. அந்தத் திரைக்கு முன்னால் காவல் நிற்கும் உரிமை எங்கள் குடும்பத்துடையது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் நான். வண்ணக்கர் கதிர்காமத்தம்பி என்றால் வாழைச்சேனை வரைக்கும் தெரியும்.

என் மகள் தனுஷா வைக்கோலிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையை எங்கள் வயல்வெளியான வட்டைக்கு அருகே நடத்துகிறாள். காற்றுப் புகாமல் மூடிய பெரிய தொட்டிதான் அதன் தாங்கி. தொட்டால் கை வெந்துபோகும் சூட்டில் அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல் நாரைத் தின்று வாயுவாக்குகின்றன. வயலிலேயே வைக்கோலைக் கொளுத்திவந்த விவசாயிகள் இந்தப் போகம் அதை அவளுக்குத் தருவார்களா என்பது அன்று காலை தெரியவேண்டும். தராவிட்டால் ஆலையைப் பூட்டவேண்டியதுதான்.

வயல்காரர் எல்லாரும், வட்டையின் வேலைகளை மேற்பார்க்கும் வட்டைவிதானை நல்லரத்தினத்தின் சொல்லைக் கேட்பவர்கள். அவன் என் மனைவியின் தம்பி. அவர்களை ஆலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான், வைக்கலை ஊறப்போட்டு உங்கட மகள் மாட்டுக்குக் கஞ்சி காச்சிறாவோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மூடியத் திறந்து காட்டச் சொல்லுங்க. கண்ணால கண்டாத்தான் நம்புவம்."

"திறக்க ஏலா மாமா," என்றாள் தனுஷா. "காத்துப் பட்டா அதுகள் செத்துப் போயிரும்."

"உள்ள ஒண்டுமில்ல. அதான் புள்ள பயப்பிடுறா." தாங்கியின் ஏணியில் கால் வைத்தான்.

நான் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏணியைப் பிடித்தேன்.

"நல்லரத்தினம், நம்மட கோயில்ல திரையை விலக்கிக் காட்டச் சொல்லி எப்பயாவது கேட்டிரிக்கியா?"

"அது சாமி, மச்சான்."

"இது என்ர மகள்ற சொல்லு. இறங்கு."

இறங்கினான்.

திருவிழாப் பொங்கலைத் தவிர வேறு எதற்கும் வெளியே வராத எங்கள் குடும்பப் பானையை எடுத்துவரச் சொன்னேன். ஊருக்கு முன்னால் ஆலையின் அடுப்பில் நானே ஏற்றினேன்.

தனுஷா குழாயைத் திறந்து நெருப்புக்குச்சியை நீட்டினாள். பற்றவில்லை. பின்னால் யாரோ கனைத்தார்கள். அவள் இன்னொரு குச்சியை எடுத்து உரசினாள். இரண்டாவது குச்சிக்கு நீலச் சுவாலை பானையின் அடியைச் சுற்றி எழுந்தது.

பால் பொங்கி வழிந்தபோது பெண்கள் குரவையிட்டார்கள்.

"மருமகள்," என்றான் நல்லரத்தினம், சுவாலையைப் பார்த்தபடி. "வெட்டு முடிஞ்ச உடனே மெசின அனுப்பு. வைக்கல் ஏத்த ஆக்கள் நான் தாறன்."

கோயிலில் பொங்கலின் முதல் பங்கு வண்ணக்கருக்கு. அன்று அதை என் மகளின் கையில் கொடுத்தேன். அவள் உண்ணும்வரை நல்லரத்தினமும் மற்றவர்களும் காத்து நின்றார்கள்.